சோடியம் அயோடைடு படிகத்தில் ஈரம் புகுந்துவிட்டதா?

எங்கள் ஆய்வகத்துக் காமா உணர்கருவி மூன்று வாரங்களாகச் சரியாக வேலை செய்யவில்லை. தாலியம் கலந்த சோடியம் அயோடைடு ஒற்றைப்படிகம், 2 அங்குல விட்டம், 2 அங்குல உயரம். அலுமினிய உறை, கண்ணாடிச் சாளரம். படிகத்தின் ஒளியை மின்துடிப்பாக மாற்றும் ஒளிபெருக்கிக் குழாயைத் தனியாகக் கழற்றலாம்.

சீசியம்-137 என்ற கதிரியக்க மூலத்தின் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சத்தில் பிரிதிறன் (உச்சத்தின் அகல அளவு, குறைவாக இருந்தால் நல்லது) 7.3 சதவீதமாக இருந்தது. இப்போது 10.4. இதைவிட என்னைக் கலங்கவைப்பது அமெரிசியம்-241 மூலம். அதன் 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் உச்சத்தின் இடப்பக்கத்தில் ஒரு பிதுக்கம் தெரிகிறது. மூலத்தை உறை முகப்பின் விளிம்புக்கு நகர்த்தினால் அது இரட்டை உச்சமாகவே பிரிந்துவிடுகிறது. நடுவில் வைத்தால் ஓரளவு அடங்குகிறது.

மின்னழுத்தத்தை 700 முதல் 1000 வோல்ட் வரை மாற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. வடங்களையும் பெருக்கியையும் மாற்றினேன். படிகத்துக்கும் குழாய்க்கும் இடையிலிருந்த பழைய சிலிக்கோன் கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினேன். குமிழி எதுவும் இல்லை. அதே குழாயை வேறொரு படிகத்தில் பொருத்தினால் 7 சதவீதம் கிடைக்கிறது. ஆகவே குழாய்மீது பழியில்லை. சாளரம் வழியாகப் பார்த்தால் விளிம்பில் லேசான மஞ்சள் நிறம் தெரிகிறது. அது முன்பே இருந்ததா என்று குறித்துவைக்காமல் போனேன், அது என் தவறு.

படிகத்துக்குள் விரிசல் விட்டிருந்தாலும் உச்சம் இரண்டாகலாம் என்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். உறையைத் திறந்தால் காற்றின் ஈரமே மிச்சத்தையும் கெடுத்துவிடும்.

உறையைத் திறக்காமலேயே, இது ஈரத்தால் வந்த கேடா, உள்விரிசலா என்று உறுதியாகப் பிரித்தறிய எந்தச் சோதனையைச் செய்ய வேண்டும்?