மவுஸ், சார்ஜர், யூபிஎஸ்: சரி பார்ப்பதா, புதுசு வாங்குவதா?

காரைக்குடியிலிருந்து:

இடது பட்டனை ஒரு தடவை தட்டினால் இரண்டு தடவை தட்டியதாக எடுத்துக்கொள்கிற மவுஸுக்குக் கடையில் ஒரே பதில்தான்: "போயிடுச்சு சார், புதுசு வாங்கிக்குங்க." எனக்கு மனசு வரவில்லை. கைக்குப் பழகிய மவுஸ், விலையும் கொஞ்சம் அதிகம். தெரிந்த டிவி மெக்கானிக் ஒருவரிடம் கொண்டு போனேன்.

அடியில் ஒட்டியிருந்த வழுக்குப் பட்டையை உரித்தார். திருகு அதற்குள்தான் இருந்தது. பட்டனுக்குக் கீழே ஒரு குட்டி ஸ்விட்ச். அதற்குள் மெல்லிய செம்புத் தகடு வளைந்து நிற்கும். அதன் விறைப்பு குறைந்தாலோ, தொடும் முனையில் கரி படிந்தாலோ, ஓர் அழுத்தத்துக்கு இரண்டு முறை தொட்டுவிடுமாம். அவரிடம் கிடந்த செத்த மவுஸ் ஒன்றில் வலது பட்டன் ஸ்விட்ச் அவ்வளவாகத் தேயவில்லை. அதைக் கழற்றி இதில் சால்டர் வைத்துக் கொடுத்தார். கூலி 80 ரூபாய். 300 ரூபாய் மவுஸாக இருந்தால் நானும் புதுசுதான் வாங்கியிருப்பேன். ஆனால் போனது எந்தப் பாகம் என்று பார்க்காமலே தூக்கிப் போடச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, நான் கோர்ட் பக்கத்தில் டைப்பிங் வேலை பார்க்கிறேன். கீபோர்டில் வெறும் தண்ணீர் கொட்டினால் உடனே வயரை உருவிக் கவிழ்த்து வைத்து, நன்றாகக் காய விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சர்க்கரை போட்ட டீ என்றால் வேறு கதை. விலை குறைந்த கீபோர்டுகளில் உள்ளே பிளாஸ்டிக் தாளில் கோடு கோடாகத்தான் மின்பாதை இருக்கும். டீ அதில் ஊறினால் பாதையே அரித்துப் போகும். அதற்கு நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

லேப்டாப் சார்ஜரில் நான் பட்டதைச் சொல்கிறேன். லேப்டாப்பில் செருகும் பின்னுக்குப் பக்கத்தில் வயர் மடிந்து மடிந்து அறுந்துவிட்டது. வெட்டி ஒட்டித் தந்தார்கள். லேப்டாப் ஓடியது, ஆனால் பேட்டரி ஏறவே இல்லை. சில கம்பெனி சார்ஜர்களில் பின்னின் நடுவில் ஊசி மாதிரி ஒன்று இருக்கும். அதற்கு மூன்றாவதாக ஒரு மெல்லிய வயர் வரும். இது நம்ம சார்ஜர்தானா என்று லேப்டாப் தெரிந்துகொள்வது அதன் வழியாகத்தான். அதை இணைக்காமல் விட்டிருக்கிறார்கள். வேறொருவர் அதையும் சேர்த்த பிறகு சரியானது. அதனால் வயர் அறுந்தால் தாராளமாக ஒட்டலாம். ஆனால் சார்ஜர் வயரின் நடுவில் இருக்கும் கறுப்புப் பெட்டியே கருகி வாடை வந்தால் புதுசு வாங்கிவிடுங்கள். நம் 230 வோல்ட் அதற்குள் 320 வோல்ட்டுக்கு மேல் டிசியாக (நேர்மின்சாரமாக) நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் மிச்சமிருக்கும். வீட்டில் யாரும் திறந்து பார்க்க வேண்டாம்.

கானாடுகாத்தானிலிருந்து:

எங்களுக்குத் தொல்லை கொடுத்தது யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் ஓட வைக்கும் பேட்டரிப் பெட்டி. கரண்ட் போன மறு நொடி கம்ப்யூட்டரும் அணைந்தது. மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். எலக்ட்ரீஷியன் பார்த்ததில் பேட்டரி மட்டும்தான் போயிருந்தது: 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு). புது யூபிஎஸ் விலையில் பாதிகூட ஆகவில்லை.

அந்த பேட்டரி சீக்கிரம் செத்ததற்குக் காரணம் சூடு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்த வகை பேட்டரிக்கான கணக்கு. நாங்கள் வைத்திருந்ததோ மாடியில் தகரக் கூரைக்குக் கீழே. இப்போது கீழே வளவை (வீட்டு நடு முற்றத்தை) ஒட்டிய அறைக்கு மாற்றிவிட்டோம். சுண்ணாம்புச் சுவர், சித்திரை வெயிலிலும் குளுகுளுவென்று இருக்கிறது.

ஒரு சந்தேகம். மகள் லேப்டாப்பில் பேட்டரி உப்பி டச்பேடையே தூக்கியிருக்கிறது. லேசாகக் குத்திக் காற்றை விடலாம் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

காரைக்குடியிலிருந்து:

வேண்டவே வேண்டாம்! இங்கே காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சீக்ரியில் பேட்டரி ஆராய்ச்சியில் இருக்கும் எங்கள் சொந்தக்காரரிடம் இதையே கேட்டிருக்கிறேன். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவானதால் வருகிற உப்பல் அது, மறுபடி சரியாகாது. குத்தினால் தீப்பிடிக்கும். இப்போதே சார்ஜ் போடுவதை நிறுத்தி, பேட்டரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். லேப்டாப்பை மாற்ற வேண்டியதில்லை. கழற்றியதைக் குப்பையில் போடாமல் சர்வீஸ் சென்டரிலேயே ஒப்படைத்துவிடுங்கள். யூபிஎஸ்ஸின் பழைய பேட்டரி ஈயம். பேட்டரிக் கடையில் எடை போட்டுப் புது பேட்டரி விலையில் கழித்துக்கொள்வார்கள், கேட்டு வாங்குங்கள்.