துறை அதிகாரி கையெழுத்திடும் வாரண்டுக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

எடிசன், நியூ ஜெர்சி. திங்கள் இரவு

தமிழ்ச் சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

இங்கே தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்காக ஒரு பக்கத் துண்டறிக்கை தயாராகிறது. குடியேற்ற அமலாக்கத் துறை, எல்லோரும் ‘ஐஸ்’ என்கிறார்களே, அந்த அதிகாரிகள் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன செய்வது என்று. வெள்ளி மாலை அச்சுக்குப் போகவேண்டும். ஆங்கிலத்தில் ‘ஜுடிஷியல் வாரண்ட்’, ‘அட்மினிஸ்ட்ரேட்டிவ் வாரண்ட்’ என்று இரண்டு வகை. முதலாவதில் நீதிபதி கையெழுத்து இருக்கும். இரண்டாவது ஐ-200, ஐ-205 என்ற படிவங்கள், துறை அதிகாரியே கையெழுத்துப் போடுவார். அதை வைத்து ஆளைத் தெருவில் கைது செய்யலாம், உள்ளே இருப்பவர் சம்மதிக்காமல் வீட்டுக்குள் வர அது போதாது. துண்டறிக்கையின் உயிரே இதுதான். நான் ‘நீதிமன்றப் பிடியாணை’, ‘நிர்வாகப் பிடியாணை’ என்று எழுதினேன். மாமியார் படித்துவிட்டு, “ரெண்டும் பிடியாணைதானே, கதவைத் திறக்கத்தானே வேணும்?” என்றார். அதோடு வேலை நின்றுவிட்டது. என்ன போடலாம்?

கோவை. செவ்வாய்

அம்மா, உங்கள் மாமியார் சரியாகத்தான் படித்திருக்கிறார். பிடியாணை வினைத்தொகை. பிடித்த, பிடிக்கின்ற, பிடிக்கும் ஆணை என்று முக்காலத்துக்கும் விரியும், ஆனால் யார் இட்ட ஆணை என்பது அதற்குள் இல்லை. ஆணை என்றாலே மீறக்கூடாதது என்றுதான் காதில் விழும். (பேரகராதி அச்சொல்லை வடமொழி ‘ஆக்ஞா’விலிருந்து கொண்டுவருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆள், ஆண், ஆணை என்று வளர்ந்த தமிழ்ச்சொல் என்றே முப்பது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவந்தேன். தனி இழையில் பேசலாம்.)

என் பரிந்துரை: பிடியோலை. சோழர் கல்வெட்டுகளில் அரசன் வாயால் சொன்னது திருவாய்க்கேள்வி. அதை எழுதியவர் திருமந்திர ஓலை, அவருக்கு மேலே திருமந்திர ஓலைநாயகம். ஓலை என்பது அலுவலகத்தில் பிறக்கும் எழுத்து. நீதிமன்றம் தருவது பிடியாணை, துறை தருவது பிடியோலை. ‘நிர்வாகம்’ வடசொல், அது வேண்டாம்.

டொராண்டோ. செவ்வாய் இரவு

ஐயா, பிடியோலை வடிவான சொல்தான். ஆனால் நாங்கள் ‘நீதவான் பிடியாணை பிறப்பித்தார்’ என்று பேப்பரில் வாசித்து வளர்ந்த ஆட்கள். பிடியோலை என்று கண்டால் அச்சுப்பிழை என்று எண்ணிப் பிடியாணை என்றே விளங்கிக்கொள்வோம்.

நீதிபதி இல்லாத ஒப்பம் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். இலங்கையில் 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், 9ஆம் பிரிவு: அமைச்சர் ஒப்பமிட்டால் மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை ஆளைத் தடுத்து வைக்கலாம் என்று இருந்தது. அந்தக் காலத்தைக் கண்ட ஒரு தாய், கையில் தாளோடு அதிகாரி வாசலில் நின்றால், தாளின் பெயரை வாசித்துக்கொண்டு நிற்கமாட்டா. கை தானாகக் கதவுக்குப் போகும். யார் ஒப்பம் என்று பார்க்கச் சொல்லுங்கள், அது போதும்.

அதிலும் கவனம். 2020 இல், அமெரிக்க எல்லையைக் கடந்து 25 யார் தூரத்தில் பிடிபட்ட எங்கள் இலங்கைத் தமிழ் ஆள் ஒருவரின் ஆட்கொணர்வு மனுவை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்று தள்ளியது. ஊருக்குத் திருப்பி அனுப்பினால் துன்புறுத்தப்படுவார் என்ற ‘நம்பத்தக்க அச்சம்’ அவருக்கு இல்லை என்ற அதிகாரியின் முடிவை அதற்கு முன் உறுதிசெய்தவர் ஒரு ‘குடிவரவு நீதிபதி’. பெயரில்தான் நீதிபதி, வேலை நீதிமன்றத்தில் இல்லை, அரசின் அட்டர்னி ஜெனரலுக்குக் கீழே. ஆகவே வெறுமனே ‘நீதிபதி’ என்று எழுதினாலும் பிழை.

சிங்கப்பூர். புதன் காலை

குடியேற்றம் என்றால் எங்களுக்குப் புதிய ஊரில் வீடு கட்டிக் குடிபோவது. குடிநுழைவு என்று மாற்றுங்களேன்.

சென்னை. புதன்

வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன், ‘நிர்வாகப் பிடியாணை’யை உடனே எடுத்துவிடுங்கள். வடசொல் என்பதற்காக அல்ல. தமிழ்நாட்டில் வட்டாட்சியரும் கோட்டாட்சியரும் ‘நிர்வாகத் துறை நடுவர்’ (மாஜிஸ்திரேட்) என்றும் அழைக்கப்படுகிறார்கள். நம் ஊர்க்காரர் ‘நிர்வாக’ என்று படித்தால் நடுவர் ஒருவர் போட்ட உத்தரவு என்றே எடுத்துக்கொள்வார். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

பிடியோலையும் வேண்டாம் ஐயா. ஊரில் ‘ஓலை வந்தாச்சு’ என்றால் எமன் அழைப்பு.

இந்தச் சண்டை பழையது. 1762 இல் லண்டனில், அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு கையெழுத்திட்ட வாரண்டோடு ஆட்கள் ஓர் எழுத்தாளர் வீட்டுக்குள் புகுந்து நான்கு மணி நேரம் எல்லாவற்றையும் கிளறித் தாள்களை அள்ளிப் போனார்கள். அமைச்சருக்கு அப்படி ஓர் அதிகாரத்தை எந்தச் சட்டமும் தரவில்லை என்று 1765 இல் நீதிமன்றம் சொன்னது. அமெரிக்க அரசமைப்பின் நான்காம் திருத்தத்துக்கு (1791) பின்னணியில் இருப்பது இந்த மாதிரி வழக்குகள்தான். வழக்கமான கைதுக்காக ஒருவரின் வீட்டுக்குள் வாரண்ட் இல்லாமல் நுழையக்கூடாது என்று அவர்களின் உச்ச நீதிமன்றம் 1980 இல் தீர்த்தது. ஆனால் குடியேற்றத் துறை தானே எழுதிக்கொள்ளும் வாரண்ட் செல்லுமா? சோவியத் உளவாளி ஏபெல் 1957 இல் நியூயார்க் ஓட்டல் அறையில் கைதானது அப்படிப்பட்ட தாளில்தான். 1960 இல் 5-4 என்று அரசுப் பக்கம் தீர்ப்பு வந்தும், அந்தக் கேள்வியை நீதிமன்றம் நேராகத் தீர்க்கவில்லை. அமலாக்குகிற கையே அனுமதியும் எழுதலாமா என்பதுதான் விஷயம், அது சொல்லிலேயே தெரியவேண்டும். ‘துறை வாரண்ட்’ என்று போடுங்கள். வாரண்ட் எல்லோருக்கும் தெரியும்.

கோவை. புதன் இரவு

எல்லோருக்கும் தெரியும் என்பதற்காக ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டால் நாம் இந்தக் குழுவில் எதற்கு இருக்கிறோம்? ஒரு காலத்தில் ‘பேருந்து’ யாருக்குத் தெரியும்? தமிழ்ப் பள்ளி தரும் தாள் இது.

எடிசன். வெள்ளி மதியம்

ஐயா, பேருந்து பழக நமக்கு வருஷங்கள் கிடைத்தன. இந்தத் தாளைப் படிப்பவருக்கு கதவருகே அரை நிமிஷம்தான் இருக்கும். தயவுசெய்து வருத்தப்படாதீர்கள்.

கருத்துச் சொன்ன எட்டுப் பேரில் ஐந்து பேர் வாரண்ட் பக்கம். ஒரே சொல்லாக எதுவும் ஒத்துவராததால் ‘நீதிமன்ற நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட்’, ‘துறை அதிகாரி கையெழுத்திட்ட வாரண்ட்’ என்று நீட்டியே எழுதிவிட்டேன். ஐ-200 படிவத்தின் படம் போட்டு, கையெழுத்து இருக்கும் இடத்தில் அம்புக்குறியும் வைத்தாயிற்று. குடியேற்றம், குடிவரவு, குடிநுழைவு மூன்றையும் ஒரு தாளில் அடக்க முடியவில்லை, ‘ஐஸ்’ என்றே விட்டுவிட்டேன். மாமியார் மறுபடி படித்தார். “கதவைத் திறக்காம கையெழுத்தை எப்படிப் பாக்கறது?” என்றார். ‘தாளைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லுங்கள், அல்லது ஜன்னலில் காட்டச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தேன். நாலு மணிக்கு அச்சகம்.

கோவை. வெள்ளி இரவு

‘நீதிமன்ற நீதிபதி’ என்பதைக் கூறியது கூறல் என்று சிவப்பு மையில் அடிக்க இருந்தேன். டொராண்டோ அம்மா எழுதியதை மறுபடி படித்த பிறகு, அது இருக்கவேண்டும் என்று ஒப்புக்கொள்கிறேன். வாரண்டுக்கு என் மறுப்பு பதிவாகட்டும். பிடியோலையை நான் விடவில்லை.