இன்டர்செப்டர் 650: மலை ஏற சைலன்சர், மேப்பிங் எல்லாம் தேவையா?

கோவை_ட்வின்:
வணக்கம் மக்களே. 2021 மாடல் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 பைக், பிஎஸ்6 (புகை விதி) வண்டி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பின்னால் வீட்டுக்காரம்மா, இரண்டு பக்கமும் பை, வால்பாறை, கொல்லிமலை என்று அடிக்கடி கிளம்பிவிடுவோம். பைபாஸில் குறையே இல்லை. கொண்டை ஊசியில் மூன்றாவது கியரில் 2500 ஆர்பிஎம் பக்கம் திணறுகிறது. ஸ்லிப்-ஆன் சைலன்சர் (கடைசிப் பகுதியை மட்டும் மாற்றுவது), ஏர் ஃபில்டர், பிக்கிபேக் (இன்ஜினுக்குப் போகும் பெட்ரோல் அளவை, அதாவது மேப்பை, மாற்றும் சின்னப் பெட்டி) மூன்றும் போட்டால் வண்டி பறக்கும் என்கிறார் ஒரு கடைக்காரர். போடலாமா? சத்தம் கொஞ்சம் கெத்தாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

டேப்பட்_சத்தம்:
பறக்காது ப்ரோ. இந்த இன்ஜினின் 52 என்எம் டார்க் (இழுக்கும் முறுக்கு) முழுசாகக் கிடைப்பது 5000 ஆர்பிஎம் தாண்டி, நீங்கள் திணறல் என்று சொல்வது அதில் பாதியில். ஸ்லிப்-ஆன் எதையாவது கொடுத்தாலும் அது மேல் ஆர்பிஎம்மில்தான், ரொம்பத் திறந்த சைலன்சராக இருந்தால் கீழே இருக்கிற இழுவையும் கொஞ்சம் போகும். எடை குறையும், அது நிஜம். ஸ்டாக் சைலன்சரைக் கழற்றி ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்தால் தெரியும் எவ்வளவு இரும்பு என்று.

செகண்ட் ஹேண்ட் என்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) எத்தனை பல்? கம்பெனியில் வருவது 15. ஹைவேயில் ஆர்பிஎம் குறையட்டும் என்று பலர் 16 போட்டுவிடுகிறார்கள், அதில் மலையில் இழுவை குறையும். கவரைக் கழற்றினால் ஸ்ப்ராக்கெட் முகத்திலேயே எண் அடித்திருக்கும், கிரீஸைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். அப்படியே டேப்பட் (வால்வு இடைவெளி), பிளக், ஃபில்டர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

லாம்டா:
மேப்பிங் பற்றி. நிதானமாக ஓட்டும்போது புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஓ2 சென்சாரைப் பார்த்து ஈசியூவே (இன்ஜினின் கம்ப்யூட்டர்) கலவையை 14.7 பக்கம், அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்று, வைத்துக்கொள்ளும், அங்கே நீங்கள் சைலன்சரை மாற்றினாலும் அது சமாளித்துவிடும். த்ராட்டிலை முழுக்கத் திறந்தால் சென்சார் பேச்சைக் கேட்காது, உள்ளே எழுதி வைத்த அளவில்தான் பெட்ரோல் விடும். அப்போது ஃபில்டரும் சைலன்சரும் கூடுதல் காற்று விட்டால் கலவை லீன் ஆகி (பெட்ரோல் பங்கு குறைந்து) இன்ஜின் சூடு ஏறும், இப்போது பங்கில் வரும் இ20யும் (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) அதே பக்கம்தான் தள்ளும். ஆகவே மூன்றையும் போடுவதென்றால் பிக்கிபேக் அவசியம், சைலன்சர் மட்டும் என்றால் அவசரமில்லை.

கடைக்காரரிடம் டைனோ சீட் (வண்டியை உருளையில் ஓட்டி அளந்த தாள்) கேளுங்கள், பவர் மட்டும் இருந்தால் போதாது, முழு த்ராட்டிலில் ஏர்-ஃபியூயல் கோடும் இருக்க வேண்டும், 13 பக்கம் நின்றால் நல்லது. சீட் இல்லை, "நம்ம மேப் எல்லா வண்டிக்கும் ஒத்துவரும்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் ஸ்லிப்-ஆன் போட்டபின் த்ராட்டிலை விடும்போது பட்பட் என்று வெடித்தால் உடனே மேப்பைக் குறை சொல்ல வேண்டாம், பாதி நேரம் ஜாயின்டில் கிளாம்ப் சரியாக இறுக்காமல் காற்று உள்ளே போவதுதான்.

மெதுவா_போ:
கெத்து சத்தத்துக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ல் 10,000 ரூபாய் வரை அபராதம், லைசென்ஸ் 3 மாதம் போகும். கம்பெனி வண்டியின் பாகத்தை மாற்றினால் 182ஏயில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 தனி. செக்போஸ்டில் இது பேரம் பேசுகிற விஷயம் இல்லை. அதைவிட, ஆறு மணி நேரம் அந்தச் சத்தத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வரப்போவது உங்கள் வீட்டம்மா, அவரிடம் கேட்டீர்களா?

கோவை_ட்வின்:
கவரைத் திறந்தாச்சு. 16! விற்றவர் வாயே திறக்கவில்லை. அப்போ 15 போட்டால் ஹைவேயில் ரொம்பக் கத்துமா?

டேப்பட்_சத்தம்:
அதே வேகத்தில் ஆர்பிஎம் 6, 7 சதவீதம் கூடும், 3750ல் ஓடுவது 4000ல் ஓடும், அவ்வளவுதான். இந்த இன்ஜினுக்கு அது ஒன்றுமே இல்லை. செயின் தேய்ந்திருந்தால் முன், பின், செயின் மூன்றையும் செட்டாக மாற்றுங்கள், புது ஸ்ப்ராக்கெட்டைப் பழைய செயின் தின்றுவிடும். கொண்டை ஊசிக்கு முன்னாலேயே இரண்டாவது கியருக்கு இறக்குங்கள், லோடோடு 2500ல் மூன்றாவதில் இழுக்கச் சொன்னால் எந்த மேப்பும் உதவாது.

கோவை_ட்வின்:
செட்டே சொல்லியாச்சு. சைலன்சர் பற்றி வீட்டில் கேட்டேன், பதில் இங்கே எழுதுகிற மாதிரி இல்லை.