டி7 ஈ1 ஜெல்லில் வெட்டு தெரியல: காஸ்9 வேலை செய்யலையா, சோதனை தப்பா?

கொடுங்கையூர்_பிஜி:

வணக்கம். வியாசர்பாடி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். எச்ஈகே 293டி செல்லில் (லேபில் வளர்க்கிற மனிதச் செல் வகை) பிசிஎல்11ஏ ஜீனின் +58 என்ஹான்சரை (ஜீனைத் தூண்டிவிடுற டிஎன்ஏ பகுதி) காஸ்9 (டிஎன்ஏவை வெட்டுற புரதம்) வைத்து வெட்டணும். சிக்கிள் செல் நோய்க்கு வந்த காஸ்ஜெவி சிகிச்சை குறிவைக்கிற அதே இடம்.

காஸ்9-க்கு வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டுற கைடு ஆர்என்ஏவை டி7 பாலிமரேஸ் (ஆர்என்ஏ தயாரிக்கிற என்சைம்) கிட்டில் நாங்களே தயாரிச்சு, சுத்திகரிப்புக் காலம் (column) வழியா சுத்தம் செஞ்சோம். காஸ்9 புரதம் 1 மைக்ரோகிராம், கைடு 1 மைக்ரோகிராம், 10 நிமிஷம் அறை வெப்பத்தில் கலந்து வைத்து, லிப்பிட் ரீஏஜென்ட்டோட 24 வெல் பிளேட்டில் போட்டோம். 24 மணி நேரத்தில் பாதி செல் மிதக்குது. மிச்சத்தை 72 மணிக்கு எடுத்து பிசிஆர் செஞ்சோம். ஆம்ப்ளிகான் (பிசிஆரில் பெருக்கின டிஎன்ஏ துண்டு) 520 பேஸ், வெட்டு விழ வேண்டிய இடம் 255. டி7 ஈ1 என்சைம் (ரெண்டு இழையும் பொருந்தாத இடத்தில் டிஎன்ஏவை வெட்டுறது) 37 டிகிரியில் 1 மணி நேரம், 1 சதவீத அகரோஸ். 520-ல் தடிப்பா ஒரு பேண்ட், 260 பக்கத்தில் மங்கலா ஒரு கோடு. அது ப்ரைமர் டைமர் (ப்ரைமர்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வர்ற துண்டு)னு என் கைடு சொல்றாங்க (மேடம் கைடு, ஆர்என்ஏ கைடு இல்ல). ரெண்டு தடவை செஞ்சாச்சு. எங்கே தப்பு?

ராயபுரம்_ஜெல்:

260-ல் ப்ரைமர் டைமர் வராது. டைமர் 100-க்குக் கீழேதான் ஓடும். உங்க கணக்கையே போட்டுப் பாருங்க: 520-ல் 255 போனா 265. ரெண்டு துண்டும் 10 பேஸ்தான் வித்தியாசம். 1 சதவீத ஜெல்லில் அது ரெண்டும் ஒரே கோடாத்தான் தெரியும். நீங்க தேடின வெட்டு அந்த மங்கல் கோடாவே இருக்கலாம்.

ஆனா அதை நம்பவும் முடியாது, ஏன்னா கன்ட்ரோல் பத்தி நீங்க ஒண்ணுமே எழுதல. குறைஞ்சது மூணு லேன் வேணும். காஸ்9 போட்ட செல், என்சைமோட. அதே செல், என்சைம் இல்லாம. காஸ்9 போடாத செல், என்சைமோட. மூணாவது லேனிலும் 260 வந்தா, அந்த ஆம்ப்ளிகானில் எச்ஈகே செல்லோட இயல்பான எஸ்என்பி (ஒரு எழுத்து வித்தியாசம்) ஏதோ இருக்கு, என்சைம் அதைத்தான் வெட்டுது.

ப்ரைமரை மாத்துங்க. ஆம்ப்ளிகான் 650, வெட்டு ஒரு ஓரத்திலிருந்து 200-ல் விழற மாதிரி வையுங்க. அப்ப 200, 450 ரெண்டும் தனித்தனியா நிற்கும். ஜெல் 2 சதவீதம்.

ஹெட்டரோடூப்ளெக்ஸ் செய்ற படியை எழுதாம விட்டிருக்கீங்க. செஞ்சீங்களா? 200 நானோகிராம் பிசிஆர் பொருளை பஃபரோட 19 மைக்ரோலிட்டர் ஆக்கி 95 டிகிரியில் 5 நிமிஷம். 85 வரைக்கும் நொடிக்கு 2 டிகிரி, அங்கிருந்து 25 வரைக்கும் நொடிக்கு 0.1 டிகிரி இறக்கணும். வெட்டுப்பட்ட இழையும் படாத இழையும் ஜோடி மாறிச் சேர்றது இந்த மெதுவான இறக்கத்தில்தான். ட்யூபை எடுத்து நேரா ஐஸில் வைத்தா ஜோடி சரியாச் சேராது. அப்புறம் என்சைம் 1 மைக்ரோலிட்டர், அதாவது 10 யூனிட். 37 டிகிரியில் 15 நிமிஷம் போதும். 1 மணி நேரம் விட்டா சரியா இருக்கிற டிஎன்ஏவையும் கொறிக்க ஆரம்பிச்சு ஸ்மியர் வரும். நிறுத்த 0.25 மோலார் ஈடிடிஏ 1.5 மைக்ரோலிட்டர்.

இன்னொண்ணு. ஒரே ஒரு எழுத்து கூடுற, குறையுற மாற்றத்தை டி7 ஈ1 சரியாப் பிடிக்காது. காஸ்9 வெட்டில் அடிக்கடி வர்றதே ஒரு எழுத்து கூடுறதுதான். அதனால ஜெல்லில் வர்ற எண்ணை உண்மையை விடக் குறைவுன்னு எடுத்துக்கோங்க. பிசிஆர் பொருளை சாங்கர் சீக்வென்சிங்குக்கு அனுப்பி ஐஸ் (ICE) இல்லன்னா டைட் (TIDE) மென்பொருளில் பிரிச்சுப் பாருங்க, காஸ்9 போடாத செல்லோட கோப்பையும் சேர்த்து.

தண்டையார்பேட்டை_ஆட்டோகிளேவ்:

ஜெல் விஷயம் மேலே சொல்லியாச்சு. எனக்கு உறுத்துறது செத்து மிதக்கிற செல்.

1 மைக்ரோகிராமுக்கு 1 மைக்ரோகிராம்னு எடை பார்த்துக் கலந்திருக்கீங்க. காஸ்9 ஏறக்குறைய 160 கிலோடால்டன், 100 எழுத்து கைடு ஏறக்குறைய 32. அப்ப காஸ்9 6 பிகோமோல், கைடு 31 பிகோமோல். அஞ்சு மடங்கு கைடு! 24 வெல்லுக்கு ரெண்டும் 7.5 பிகோமோல் போதும், அதாவது காஸ்9 1.2 மைக்ரோகிராம், கைடு 240 நானோகிராம்.

கூடுதல் கைடு சும்மா இருந்தா பரவாயில்ல. டி7-ல் தயாரிச்ச ஆர்என்ஏவோட 5' முனையில் மூணு பாஸ்பேட் ஒட்டிக்கிட்டு இருக்கும். செல் அதைப் பார்த்து வைரஸ் வந்துடுச்சுன்னு இன்டர்ஃபெரான் வழியைத் தட்டி விட்டுடும். சுத்திகரிப்புக் காலம் அந்தப் பாஸ்பேட்டை எடுக்காது. டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை அழிக்கிற என்சைம்) போட்ட பிறகு சிஐபி பாஸ்பேட்டேஸ் (பாஸ்பேட்டை நீக்குற என்சைம்) போட்டு, அப்புறம் ஒரு தடவை சுத்தம் செய்யணும். காசு இருந்தா ரெண்டு முனையிலும் மீதைல் வைத்த செயற்கை கைடு வாங்கிடுங்க, இந்தத் தலைவலியே கிடையாது. லிப்பிட் மட்டும் போட்ட ஒரு வெல்லும் வையுங்க, விஷம் லிப்பிட்டா ஆர்என்ஏவான்னு அப்பதான் பிரியும்.

அந்த இடத்துக்குப் பரவலாப் பயன்படுற 20 எழுத்து கைடு சி-யில் தொடங்கும். டி7 பாலிமரேஸ் ஜி-யில்தான் நல்லாத் தொடங்கும். முன்னாடி ஜி சேர்த்தீங்களா? சேர்க்கலைன்னா விளைச்சல் மோசம், கிட்டைத் திட்டிப் பிரயோஜனமில்ல.

செல்லில் போடுறதுக்கு முன்னாடி ட்யூபிலேயே வெட்டிப் பாருங்க. காஸ்9 30 நானோமோலார், கைடு 30, பிசிஆர் டிஎன்ஏ 3, மொத்தம் 30 மைக்ரோலிட்டர். முதல் ரெண்டையும் 25 டிகிரியில் 10 நிமிஷம் சேர்த்து வைத்து, டிஎன்ஏ போட்டு 37-ல் 15 நிமிஷம். கடைசியா புரோட்டினேஸ் கே 1 மைக்ரோலிட்டர், 10 நிமிஷம். இதை விட்டுட்டு நிறைய பேர் ஏமாறுறாங்க. காஸ்9 வெட்டின முனையைச் சீக்கிரம் விடாது. புரதத்தைக் கரைக்கலைன்னா டிஎன்ஏ ஜெல்லில் மேலேயே தேங்கி நிற்கும், வெட்டலைன்னு தோணும்.

இப்ப நம்ம ஏரியா விஷயம். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் போர் தண்ணி உப்பு, டிஸ்டிலேஷன் யூனிட்டில் சீக்கிரம் படிமம் கட்டும். டிஸ்டில் செஞ்சு ஆட்டோகிளேவ் போட்டாலும் ஆர்என்ஏஸ் (ஆர்என்ஏவை அழிக்கிற என்சைம்) முழுக்கச் சாகாது. தண்ணியில் 0.1 சதவீதம் டீஈபிசி (ஆர்என்ஏஸை முடக்குற ரசாயனம்) போட்டு ராத்திரி விட்டு, அப்புறம் ஆட்டோகிளேவ். ட்ரிஸ் பஃபரில் டீஈபிசி நேராப் போடாதீங்க, ட்ரிஸ் அதைத் தின்னுடும். வேர்வையிலும் ஆர்என்ஏஸ் இருக்கு, மே மாசத்தில் கையுறையை அடிக்கடி மாத்துங்க.

ஐஸ் மெஷின் இல்லாத லேபுக்கு காசிமேட்டு ஐஸ் பாரை உடைச்சு தெர்மகோல் மீன் பெட்டியில் போட்டா வேலைக்கு ஆகும். மூடின ட்யூபுக்கு ஒண்ணும் ஆகாது, திறக்கிறதுக்கு முன்னாடி 70 சதவீத எத்தனாலில் துடைங்க. உப்பு மட்டும் கலந்திருக்கக் கூடாது. உப்பு ஐஸ் ஜீரோவுக்குக் கீழே போகும், கிளிசரால் குறைஞ்ச கலவை உறைஞ்சிடும்.

கரண்ட். அனல் மின் நிலையம் அத்திப்பட்டில் நிக்குது, அதுக்காக நம்ம லேபில் கட் ஆகாம இருக்குமா? அந்த 0.1 டிகிரி இறக்கம் 10 நிமிஷம் ஓடும். நடுவில் கட் ஆனா அந்த ட்யூபை மறுபடி 95-லிருந்து தொடங்கணும். தெர்மோசைக்கிளருக்கு யூபிஎஸ் வையுங்க. என்சைமை ஃப்ராஸ்ட் ஃப்ரீ வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்காதீங்க, பனி உருக்க அதுவே அடிக்கடி சூடாகும். கைடை சின்னச் சின்ன ட்யூபாப் பிரிச்சு மைனஸ் 80-ல்.

மாதவரம்_கியூசி:

இலக்கைப் பற்றி ஒரு வார்த்தை. +58 என்ஹான்சர் சிவப்பணு வழியில் வரும் செல்களில்தான் திறந்திருக்கும். எச்ஈகே சிறுநீரக வழிச் செல். மூடிய குரோமாட்டினில் (புரதத்தில் சுற்றிய டிஎன்ஏ) காஸ்9 மெதுவாகவே வேலை செய்யும். எனவே எச்பிஆர்டி1 ஜீன் போன்ற, நன்றாக வெட்டுப்படும் ஓர் இடத்தை பாசிட்டிவ் கன்ட்ரோலாகச் சேருங்கள். எச்ஈகே செல்லில் வெட்டு வெற்றி பெற்றாலும் கரு ஹீமோகுளோபின் (சிகிச்சையில் இந்த வெட்டால் உயர்வது அதுதான்) உயராது. ஆய்வேட்டில் டிஎன்ஏ அளவில் நிறுத்திக்கொள்வது நேர்மை.

தொழிற்சாலையில் இதே வெட்டு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் வித்தியாசம் புரியும். நோயாளிக்கு பிளெரிக்சாஃபர் கொடுத்து ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, அஃபெரிசிஸில் (ரத்தத்திலிருந்து வேண்டிய செல்களை மட்டும் எடுக்கும் முறை) எடுத்து, சிடி34 (ஸ்டெம் செல்லின் அடையாளப் புரதம்) உள்ள செல்களைப் பிரிக்கிறார்கள். லிப்பிட் கிடையாது; மின்துடிப்பால் காஸ்9-கைடு கூட்டை உள்ளே செலுத்துகிறார்கள். நோயாளியின் எலும்பு மஜ்ஜையை புசல்ஃபான் கொண்டு காலி செய்த பிறகே திருப்பி ஏற்றுகிறார்கள். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 30 லட்சம் சிடி34 செல் வேண்டும். வெட்டு விகிதம் ஒரு சோதனைதான். கிருமியின்மை, என்டோடாக்சின், மைக்கோபிளாஸ்மா, உயிர்ச் செல் விகிதம் எல்லாம் தேறினால்தான் பை வெளியே போகும். 2023 நவம்பரில் பிரிட்டன், டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தன. அமெரிக்க விலை 22 லட்சம் டாலர். அதில் பெரும் பங்கு கைடு ஆர்என்ஏவின் விலை என்று நினைக்காதீர்கள். ஒரு நோயாளிக்கு ஒரு பேட்ச். பத்துப் பேருக்குச் சேர்த்துச் செய்து செலவைக் குறைக்க வழியில்லை.

நம் நாட்டில் பயிர்த் துறை முந்திக்கொண்டது. அயல் டிஎன்ஏ மிஞ்சாத எஸ்டிஎன்-1, எஸ்டிஎன்-2 வகை மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 2022 மார்ச்சில், மரபணு மாற்று உயிரிகளுக்கான 1989-ம் ஆண்டு விதிகளின் 7 முதல் 11 வரை விலக்கு கிடைத்தது. 2025 மே மாதம் கமலா, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. அந்த விலக்கு உங்கள் செல் வேலைக்குப் பொருந்தாது. கல்லூரியின் ஐபிஎஸ்சி (உயிரியல் பாதுகாப்பு) குழு அனுமதி கையில் இருக்கட்டும். எச்ஈகே மீடியத்தை வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள். 10 சதவீத பிளீச் கலந்து 30 நிமிடம். பிளீச் கலந்ததை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

கொடுங்கையூர்_பிஜி:

மூணு பேருக்கும் நன்றி. மேடம்கிட்டயும் காட்டினேன். ஜி சேர்க்கவே இல்ல, மெதுவா இறக்கவும் இல்ல. புது கைடு, சிஐபி, 7.5 பிகோமோல், 650 ஆம்ப்ளிகான். செல் இப்ப நல்லா ஒட்டியிருக்கு. 200, 450 ரெண்டும் தனியா வந்தது, கன்ட்ரோல் லேன் சுத்தம். ரெண்டு துண்டும் சேர்ந்து லேனில் 19 சதவீதம். சாங்கரில் 17 சதவீத இண்டெல் (எழுத்து கூடின, குறைஞ்ச மாற்றம்). எதை எழுதணும்? இதிலிருந்து சிங்கிள் செல் குளோன் (ஒரே செல்லிலிருந்து வளர்ற கூட்டம்) எடுக்கலாமா?

ராயபுரம்_ஜெல்:

19-ஐ அப்படியே எழுதக் கூடாது. 1-லிருந்து 0.19 போனா 0.81, அதன் வர்க்கமூலம் 0.9, அதை 1-லிருந்து கழிச்சா 0.1. டி7 ஈ1 சொல்றது 10 சதவீதம். சாங்கர் 17. ஒரு எழுத்து மாற்றங்கள் ஜெல்லில் விட்டுப்போனதுன்னு விளக்கி ரெண்டையும் எழுதுங்க.

குளோன் இப்ப வேண்டாம். எச்ஈகே 293டி-யில் பல குரோமோசோம் மூணு மூணா இருக்கும். மூணு பிரதியும் தனித்தனியா, தற்செயலா வெட்டுப்படுதுன்னு வைத்தா 0.17 × 0.17 × 0.17, அதாவது 0.5 சதவீதம்தான் மூணும் வெட்டுப்பட்ட செல். 200 குளோனில் ஒண்ணு. அதே செல்லுக்கு நாலு நாள் கழிச்சு இன்னொரு தடவை காஸ்9 போட்டு விகிதத்தை ஏத்துங்க. அப்புறம் 1 மில்லிலிட்டருக்கு 5 செல்னு கரைச்சு, 96 வெல்லில் 100 மைக்ரோலிட்டர். சராசரி வெல்லுக்கு அரை செல், அப்படின்னா 96-ல் 29 வெல் பக்கம் சரியா ஒத்தைச் செல்லோட இருக்கும். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ஒத்தை வெல்லுக்கு மட்டும் மார்க் போடுங்க. ஒரு வாரம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு செல்லிலிருந்து வந்த கூட்டமும் ஒண்ணாத்தான் தெரியும்.