மறுமொழி: டிகான்டிங் – ஒரு சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒயினைப் புட்டியிலிருந்து வேறொரு பாத்திரத்துக்கு ஊற்றி மாற்றுவதை ஆங்கிலத்தில் டிகான்டிங் என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> டிகான்டிங் = வடித்தல். சுருக்கமாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்வோம்.

சுருக்கம்தான். ஆனால் ஒயினுக்குப் பக்கத்தில் வடித்தல் என்று எழுதினால் படிப்பவர் மனம் நேரே சாராய அடுப்புக்குப் போய்விடும். துணி கட்டி வடிப்பதும் இதில் இல்லை. பள்ளி அறிவியலில் ‘தெளியவைத்து இறுத்தல்’ என்று படித்தோமே, அதுதான் இது. என் ஓட்டு இறுத்தலுக்கு.

சிக்கல் அதற்கப்புறம்தான். உணவக ஊழியர்களுக்கான பரிமாறும் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் இந்த ஒரே சொல் இரண்டு வேலைக்கு வருகிறது.

முதல் வேலை பழைய சிவப்பு ஒயினுக்கு. ஆண்டுகள் போகப் போக நிறமியும் டானினும் (துவர்ப்பு தரும் பொருள்) பிணைந்து கனத்து வண்டலாகப் படியும். படுக்கவைத்திருந்த புட்டியை முதல் நாளே நிமிர்த்திவைக்க வேண்டும். ஊற்றும்போது வண்டல் வருவது தெரியக் கழுத்துக்குக் கீழே ஒரு மெழுகுவத்தி. கை நடுங்காமல் ஒரே சாய்ப்பில் குடுவைக்கு மாற்ற வேண்டும். நடுவில் நிமிர்த்தினால் எல்லாம் கலங்கிவிடும். புட்டியின் தோளருகே கறுப்பாக ஓர் இழை நகர்ந்து வரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். 750 மில்லியில் கடைசி இரண்டு வாய் போனால் போகட்டும்.

இரண்டாவது, இளம் ஒயினுக்கு. வண்டல் பெரும்பாலும் இருக்காது. அகன்ற அடியுள்ள குடுவையில் தடதடவென ஊற்றி அரை மணி, ஒரு மணி நேரம் விட்டுவைப்பார்கள். சிலவற்றில் தீக்குச்சி உரசியது போல வரும் நெடி அடங்கி, பழ மணம் எழும். (தக்கையைப் பிடுங்கிவைத்தாலே போதும் என்பவர்கள் உண்டு. கழுத்துக்குள் காற்றுப் படுவது ஒரு நாணய அளவுதான்!)

வண்டலே இல்லாத இடத்தில் எதை இறுப்பது? இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ஊழியர் பழையதையும் ஒரு மணி நேரம் குடுவையில் விட்டுவிடுவார். அதன் மெல்லிய மணம் மேசைக்கு வருமுன் போய்விடும். பிரான்சில் உள்ள போர்தோவின் ஒயின் அறிஞர் எமில் பெய்னோ, வண்டல் இருந்தால் மட்டும், அதுவும் பரிமாறும் நேரத்தில் மட்டும் ஊற்றி மாற்றச் சொன்னவர். நெடுநேரம் காற்றுப் படுவது கெடுதல் என்பது அவர் கட்சி. ஒரே சொல்லை வைத்து அவர் வாதத்தை எழுதினால் ‘இறுக்கலாம், ஆனால் இறுக்கக் கூடாது’ என்று வந்து நிற்கும்.

இன்னொன்று: ‘இறுக்க’ என்றதும் மூடியை முறுக்குவதுதான் நினைவுக்கு வருகிறது. அதனால் இறுத்தெடுத்தல் என்று நீட்டிவிடலாம்.

> இரண்டாவதற்கு ஆற்றுதல்? தூக்கி ஊற்றுவது அதுதானே.

கையசைவுக்கு அழகான சொல். ஆனால் சூடு இருந்தால்தானே ஆற்ற முடியும்? ஊழியர் குளிரவைக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்வார். காற்றூட்டல் என்றால் மீன்தொட்டி மோட்டார் சத்தம் கேட்கிறது. எனக்குக் காற்றாட விடுதல் பிடித்திருக்கிறது. இரண்டு சொல்லானாலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இப்போதைக்குக் கையேட்டில் ‘பழையதை இறுத்தெடு, இளையதைக் காற்றாட விடு’ என்று போட்டிருக்கிறேன். டிகான்டர் என்கிற அந்தப் பாத்திரத்துக்கு வெறும் ‘குடுவை’ போதுமா என்பதில்தான் தயக்கம். ஆய்வக வாடை அடிக்கிறதென்றால் அச்சுக்குப் போகுமுன் சொல்லிவிடுங்கள்.