ஸ்காட்லாந்தில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்த பழைய மலைச்சாலை: அங்கே கார்ப் பந்தயம் நடந்ததா?

பீளமேட்டுப் பையன்:
கிளாஸ்கோவில் படிக்கிறேன். போன வாரம் கேம்பல்டவுன் பஸ்ஸில் போனபோது, ஆரோக்கர் ஊரைத் தாண்டி க்ளென் குரோ பள்ளத்தாக்கில் ஏறினோம். இடப்பக்கம் கீழே ஒற்றைத்தடமாக ஒரு பழைய சாலை தெரிந்தது. கடைசியில் செங்குத்தாக ஏறி, கொண்டை ஊசியாக வளைந்து உச்சிக்கு வருகிறது. "அங்கே ஒரு காலத்தில் கார்ப் பந்தயம் நடக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர். நான் செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடத்தைப் பார்த்து வளர்ந்தவன். இரண்டு கார் ஒதுங்க இடமில்லாத வழியில் என்ன பந்தயம் நடத்தியிருப்பார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நள்ளிரவு வாசகன்:
மலையேற்றப் பந்தயமாக இருக்கும். அதில் கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஏறும், போட்டி கடிகாரத்தோடு. அந்தத் தடம் செத்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஆர்கைல் கடைக்காரன்:
செத்ததா? போன மழைக்காலத்தில் என் கடைக்குப் பாலும் பாணும் வந்தது அந்தச் சாலையில்தான்.

தம்பி, நீங்கள் பார்த்தது "ரெஸ்ட் அண்ட் பி தேங்க்ஃபுல்". "இளைப்பாறு, நன்றி சொல்" என்று பொருள். ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையில் ஏற்ற நடந்த 1745 கிளர்ச்சியை அடக்கிய பிறகு, மலைநாட்டுக்குள் படை நடத்த இராணுவம் சாலைகள் போட்டது. அந்தக் காலத்தில் இதை அமைத்த சிப்பாய்கள் உச்சியில் ஒரு கல்லை நட்டு இந்த வாசகத்தைப் பொறித்தார்கள். நம் ஊர்ச் சுமைதாங்கிக் கல் மாதிரிதான். இங்கே கல் பேசவும் செய்கிறது.

பிறகு மேலே மலைச்சரிவில் இப்போதைய ஏ83 சாலை வந்தது. பழைய சாலை சும்மா கிடந்தது. பந்தயக்காரர்களுக்கு அதுதான் வாய்ப்பு. 1925இல் இங்கிலாந்தின் கோப் ஹில்லில் ஒரு கார் பார்வையாளர்மேல் மோதியதிலிருந்து, பிரிட்டனின் பொதுச்சாலைகளில் வேகப் பந்தயம் நின்றுபோனது. போக்குவரத்து இல்லாத மலைச்சாலைக்கு அப்படியொரு மதிப்பு! ராயல் ஸ்காட்டிஷ் ஆட்டோமொபைல் கிளப் போட்டியை நடத்தியது. 1949 முதல் 1970 வரை பிரிட்டிஷ் மலையேற்றச் சாம்பியன் பட்டத்தின் ஒரு சுற்று இங்கே நடந்தது.

என் கடைக்குப் பத்திரிகை வாங்க வரும் பெரியவர் ஒருவர் சிறுவனாக இருந்தபோது தந்தையோடு போய்ப் பார்த்திருக்கிறார். அவருக்கு நினைவில் நிற்பது கார்கள் அல்ல, மழையும் சத்தமும். பள்ளத்தாக்கு குடம்போல் இருப்பதால், கார் கண்ணுக்குத் தெரியாதபோதும் ஓட்டுநர் எங்கே கியர் மாற்றுகிறார் என்று காதாலேயே சொல்லிவிடலாமாம். கொண்டை ஊசி வளைவுக்கு முன் சத்தம் ஒரு கணம் தணியும்; கூட்டம் மூச்சைப் பிடிக்கும். இதைச் சொல்லும்போது அவரும் கொஞ்சம் மூச்சைப் பிடிப்பார்.

பீளமேட்டுப் பையன்:
நன்றி அண்ணா. எந்த மாதிரிக் கார்கள் ஓடின?

ஆர்கைல் கடைக்காரன்:
எடை குறைந்த வண்டிக்குத்தான் மலை பிடிக்கும். மோட்டார் சைக்கிளுக்கான ஜேஏபி இரட்டை உருளை எஞ்சினைப் பின்னால் வைத்த சின்னஞ்சிறு கூப்பர் கார்கள் அந்தக் காலத்தில் பெரிய கார்களைத் திணறடித்தன. கென் வார்ட்டன் 1951 முதல் 1954 வரை தொடர்ந்து நான்கு முறை சாம்பியன். டோனி மார்ஷ் மொத்தம் ஆறு முறை. எனக்குப் பிடித்த கதை 1968 சாம்பியன் பீட்டர் லாசனுடையது. ஃபார்முலா ஒன்றுக்காக 1964இல் பிஆர்எம் என்ற பிரிட்டிஷ் பந்தயக் கார் நிறுவனம் நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஒரு காரைச் செய்து பார்த்தது. எடை கூடிவிட்டதால் ஃபார்முலா ஒன் பந்தயம் எதிலும் அது ஓடவே இல்லை. அதை ஓட்டித்தான் லாசன் பட்டம் வென்றார். நின்ற நிலையிலிருந்து ஈரச் சாலையில் கிளம்ப வேண்டுமென்றால் நான்கு சக்கரப் பிடி எவ்வளவு உதவும் என்று யோசியுங்கள்.

நள்ளிரவு வாசகன்:
"செத்த தடம்" என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பால் வந்த கதை புரியவில்லை.

ஆர்கைல் கடைக்காரன்:
மேலே இருக்கும் ஏ83 மண்சரிவுக்குப் பேர்போனது. 2020 ஆகஸ்டில் மலையிலிருந்து ஆயிரக்கணக்கான டன் மண்ணும் பாறையும் இறங்கின. அப்படி மூடும்போதெல்லாம் கீழே இருக்கும் இந்த இராணுவச் சாலையைத்தான் திறப்பார்கள். வழிகாட்டி வண்டி ஒன்று முன்னே ஊர்ந்து போக, லொறி, பஸ், என் வான் எல்லாம் கல்யாண ஊர்வலம் மாதிரிப் பின்னால் போவோம். வார்ட்டன் பறந்த வளைவில் நான் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுவேன். அதுவும் மூடினால் சுமார் 95 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். மண் விழாமல் தடுக்க, ஏ83க்கு மேலே 1.4 கிலோமீட்டர் நீளத்துக்குக் கூரை போடப்போவதாக 2023இல் அறிவித்தார்கள்.

தம்பி, அடுத்த முறை காரில் வாருங்கள். உச்சியில் நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கிருந்து பழைய சாலை முழுவதும் தெரியும். ஜூலையில் மட்டும் வேண்டாம். மிட்ஜ் என்னும் பொடிக்கொசு உங்களை இளைப்பாற விடாது.