கண்மாயின் கைவரைபடம் கணினிக்கு வந்த விதம்

சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய் (பாசன ஏரி) ஒன்றின் ஆயக்கட்டுப் படத்தை, அதாவது அதன் நீர் பாயும் பரப்பின் படத்தைக் கணினித் தரவாக மாற்றும் பொறுப்பைச் சில ஆண்டுகளுக்கு முன் ஏற்றேன். அதை வரைந்தவர் வயல்களுக்கு நீரைப் பகிர்ந்துவிடும் அவ்வூரின் நீர்பாய்ச்சி. மூன்று சார்ட் தாள்களை ஒட்டி, கரையைப் பச்சை மையிலும் வாய்க்கால்களை நீல மையிலும் இழுத்து, நீர் திறக்கும் மடை, மிகுநீர் வழியும் கலுங்கு, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், கரையோர ஐயனார் கோயில் என ஒவ்வொன்றின் பெயரையும் தம் கைப்பட எழுதியிருந்தார். நான் பார்த்த எந்தப் பதிவேட்டிலும் இல்லாத கிளை வாய்க்கால் பெயர்கள் அதில் இருந்தன. அதனால்தான் அந்தத் தாள் நைந்து போகுமுன் காப்பாற்ற வேண்டும் என்று ஊரார் விரும்பினர்.

முதலில் கைப்பேசியில் எடுத்த படத்தில் ஓரங்கள் வளைந்து, மடிப்பின் நிழல்களும் வாய்க்கால்களைப் போலவே தெரிந்தன. மதுரையில் கட்டட வரைபடங்களை நகலெடுக்கும் கடை ஒன்றில், அகலமான ஸ்கேனரில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று எடுத்த பிறகே வேலைக்கு உகந்த படம் கிடைத்தது.

அடுத்து நான் செய்த தவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கோயில், கலுங்கு, மடைகள், சாலைத் திருப்பம் எனப் 11 இடங்களைத் தாளிலும் செயற்கைக்கோள் படத்திலும் குறித்துப் பொருத்தினேன். தாளை மொத்தமாக நகர்த்தித் திருப்பி நீட்டும் முதல்படிப் பல்லுறுப்பு முறையில் பிழை, அதாவது புள்ளிகள் விலகிய தூரம், 100 மீட்டரைத் தாண்டியது. தாளைச் சற்று வளைக்கவும் செய்யும் இரண்டாம்படியிலும் பெரிதாகக் குறையவில்லை. தின் பிளேட் ஸ்ப்லைன் முறைக்கு மாறியதும் பிழை பூச்சியம் என்று காட்டவே, மகிழ்ச்சியோடு இரண்டு நாள் கோடுகளை வரைந்தேன். வரைந்ததைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பார்த்தபோது கண்மாய்க் கரை நெல் வயல்களின் நடுவே ஓடியது. நாம் கொடுத்த ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தில் உட்காரும்படி தாளை ரப்பர் போல இழுப்பதுதான் அந்த முறை. ஆகவே பிழை பூச்சியமாக வருவது அதன் இயல்பே தவிர, படம் சரியாகப் பொருந்தியதற்குச் சான்று அன்று. இரண்டு மூன்று இடங்களைப் பொருத்தத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, அவை எங்கே போய் விழுகின்றன என்று பார்ப்பதே உண்மையான சோதனை.

மறுபடியும் படம் வரைந்த நீர்பாய்ச்சிப் பெரியவரிடம் போனேன். மூன்றாம் மடையை மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக வரைந்திருக்கிறீர்கள், ஐயா என்று கேட்டதற்கு, "அந்த மடையிலதான் தம்பி வருசா வருசம் தகராறு வரும், அதான் தெளிவாத் தெரியட்டும்னு போட்டேன்" என்றார். அவர் படத்தில் பிழை எதுவும் இல்லை. அடியாலும் மீட்டராலும் வரையப்படாத ஒன்றை மீட்டரில் பொருத்த முயன்றது என் பிழை. எந்த வாய்க்கால் எந்த மடையிலிருந்து பிரிகிறது, எது முதலில் நீர் பெறுகிறது, எதற்கு என்ன பெயர் என்பனவற்றை மட்டும் அந்தத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டு, இடங்களை நிலத்திலிருந்தே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

ஆறு காலைப்பொழுதுகள் அவரோடு நடந்தோம். கரையைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைந்தேன். மேலிருந்து பார்த்தால் தெரியாத சிறு வாய்க்கால்களை ஜிபிஎஸ் பதிவாக எடுத்தேன். ஒவ்வொரு வாய்க்காலையும் தலைமடையில் தொடங்கிக் கடைமடையில் முடியும்படி வரைந்ததால், நீர் ஓடும் திசையும் கோட்டுக்குள்ளேயே பதிந்துவிட்டது.

பெயர்களைச் சேமிப்பதில் ஒரு சிக்கல் வந்தது. வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவத்தில் அட்டவணையின் ஒரு நெடுவரிசைத் தலைப்பு 10 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் 'நீர்' என்ற சிறு சொல்லே 12 பைட் எடுப்பதால், தமிழ்த் தலைப்புகள் எல்லாம் அறுந்து போயின. ஜியோபேக்கேஜ் என்ற வேறொரு கோப்பு வடிவத்துக்கு மாறியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஸ்கேன் செய்த மூலப் படத்தையும் எதையும் திருத்தாமல் தரவோடு சேர்த்தே கொடுத்தேன்.

* * *

மேலே எழுதியவருக்கு வணக்கம். தாளிலிருந்து பெயரையும் தொடர்பையும் மட்டும் எடுத்து, இடங்களை நிலத்திலிருந்தே எடுக்க வேண்டும் என்று தாங்கள் சொல்வது தங்கள் கண்மாய்ப் படத்துக்கு முற்றிலும் சரி. ஆனால் கையால் வரைந்த எல்லாப் படங்களுக்கும் அது பொருந்தாது என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். என் கைக்கு வந்தது ஒரு புலத்தின் எல்லைகளை அளவுகளோடு காட்டும் பழைய நில அளவைப் புலப்படம். நானும் ஸ்கேன் செய்து கோடுகளின் மேலேயே வரைந்தேன். பரப்பு, கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் உள்ளதோடு ஒத்துப்போகவில்லை. ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர் பார்த்துவிட்டு, "கோட்டை அளக்காதீங்க, எழுதியிருக்கிற எண்ணை எடுங்க" என்றார். புலப்படத்தில் கோடு வெறும் உருவந்தான். மூலைக்கோட்டின் நீளமும் அதிலிருந்து செங்குத்தாக எடுத்த தூரங்களுமே உண்மையான தரவு. அவற்றை உள்ளிட்டுப் புலத்தை எண்களிலிருந்தே மறுபடி கட்டினேன்.

அப்போதும் ஒரு மூலை மட்டும் உள்ளே ஒடுங்கியது. பழைய அளவுகள் லிங்க்கிலும், பின்னாளில் செய்த உட்பிரிவின் அளவுகள் மீட்டரிலும் ஒரே தாளில் எழுதப்பட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு ஒரு லிங்க், அதாவது ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். 40 மீட்டரை 40 லிங்க் என்று கொண்டால் அது 8 மீட்டராகச் சுருங்கிவிடும். தாளில் மையின் நிறம்கூட வேறாக இருந்தது, பார்த்தும் பொருட்படுத்தவில்லை.

திருத்திய பிறகு பரப்பு ஒத்துவந்தது. இருந்தும் மனம் நிறையாமல், கண்ணுக்குத் தெரிந்த இரண்டு எல்லைக் கற்களிலிருந்து நாடா பிடித்து, மூன்றாவது கல் இருக்க வேண்டிய இடத்தைக் குறித்தோம். சீமைக் கருவேல முள்ளை வெட்டி ஒரு முழம் தோண்டியதும் அந்தக் கல்லின் தலை தட்டுப்பட்டது.